முதுகில் எழுதியிருந்தது

டின்னி லூசி வேலைக்காலம் முழுக்க மின்சார மீட்டர் படித்தவர். அயர்லாந்தின் கார்க் நகரத்து வடகரையில் அவர் நுழையாத வீடு கிடையாது. மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கும். ஒரு குடும்பம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைப்பதையெல்லாம் போட்டு வைப்பதும் அங்கேதான்: ஓடிப்போன புருஷனின் பூட்ஸ், சிறையில் இருக்கும் மகனின் சைக்கிள், யாரும் வாங்காத பியானோவின் பாதி. டின்னி டார்ச் அடிப்பார், எண்ணைக் குறிப்பார், வேறெதையும் பார்க்காதவராக வெளியே வந்து வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். இந்த ஒரு குணத்துக்காகவே ஊரில் எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.

எல்லார் வீட்டுக்குள்ளும் போய் வந்தவர் தன் வீட்டுக்குள் யாரையும் விட்டதில்லை. தன் வீடு என்பதும் சரியில்லை. அது மொஸ்ஸி கெனலியின் வீடு. டின்னி அங்கே வாடகைக்கு இருப்பவர் என்பது ஏற்பாடு. மாடியில் பின்பக்க அறை அவருடையது. சுருக்கமில்லாமல் விரித்த கட்டில், ஒரு ஜெபப் புத்தகம், ஒரு ஜோடி செருப்பு, தலைமாட்டில் பாதி குடித்த ஒரு தம்ளர் தண்ணீர். அந்தத் தண்ணீரை டின்னி வாரம் ஒருமுறை மாற்றுவார். மற்றபடி அந்தக் கட்டிலில் பூனைதான் படுத்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஆள் தயார்தான். சோறுதான் போதவில்லை.

மொஸ்ஸி இதற்கு நேர்மாறு. மேற்கே டிரிமினார் என்ற கிராமத்துப் பையன், ஆறடிக்கு மேல் உயரம். இருபது வயதில் ஹர்லிங் என்ற ஐரிஷ் பந்தாட்டத்து மட்டையை அவன் பிடித்த விதத்தைப் பார்த்து அந்த ஊரே கோப்பைக் கனவு கண்டது. அவன் ஒருநாள் மட்டையைக் கொட்டகையில் சாத்திவிட்டு, காரணம் சொல்லாமல் நகரத்துக்குப் பஸ் ஏறிவிட்டான். அமெரிக்கா போனவர்களுக்காக அழுததைவிட அவனுக்காக ஊர் அதிகம் அழுதது. அமெரிக்கா போனவர்கள் யாரும் அவ்வளவு நன்றாக ஆடியதில்லை.

நகரத்தில் இரும்புக்கடை கவுண்டரில் நின்று ஆணி நிறுத்துப் போட்டபடியே மந்திரி முதல் பிஷப் வரை எல்லோரையும் வைவது மொஸ்ஸியின் வழக்கம். எண்பத்தொன்றாம் வருடம், ஆணை நேசிக்கும் ஆணைச் சட்டம் இன்னும் குற்றவாளி என்றே சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், வாஷிங்டன் தெரு நீதிமன்றத்தின் முன்னால் ஏழு பேர் பலகை பிடித்து நின்றார்கள். ஐந்து ஆண்கள், இரண்டு பெண்கள். அதில் ஒருவர் மொஸ்ஸி. நல்ல மழை. யாரோ மீன் குடலை அள்ளி வீசினார்கள். ஒரு பாதிரியார் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார். மாலைப் பத்திரிகைக்காரன் ஒரு படம் எடுத்தான்.

டின்னியும் அங்கே இருந்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடை வாசலில், மதிய இடைவேளையில் தற்செயலாக வந்து ஒதுங்கியவர் மாதிரி. அவர் கையில் குடை. அது மொஸ்ஸியின் குடை. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றுதான் எடுத்து வந்திருந்தார். தெருவோ அகலமானதல்ல. ஆனால் இடைவேளை முடிகிறவரை டின்னி அந்தக் குடையின் கீழே நின்றார், மொஸ்ஸி மழையில் நின்றார்.

படம் வந்த மறுநாள் கடை முதலாளி மொஸ்ஸியைக் கூப்பிட்டு, ஆணி வாங்க வருகிறவர்கள் ஆணியைப் பற்றி மட்டும் பேசுவதையே தான் விரும்புவதாகச் சொன்னார். பிறகு மொஸ்ஸி ஓய்வு பெறும்வரை ரொட்டி வண்டி ஓட்டினார். டின்னியின் வேலைக்கு எந்தக் குறையும் வரவில்லை. இதை மொஸ்ஸி மன்னித்தார் என்று சொல்ல முடியாது. மன்னித்துவிட்டால் பிறகு எதை வைத்துச் சிரிப்பது? மதுக்கடையில் புது ஆள் யாராவது வந்தால் டின்னியின் தோளில் கைபோட்டு அறிமுகம் செய்வார்.

"இது டின்னி. எங்க போராட்டத்தைப் பார்க்க வந்த ஒரே ரசிகர். டிக்கெட்கூட வாங்கல."

மழை பெய்யும் நாளெல்லாம், கார்க்கில் அது ஏறக்குறைய எல்லா நாளும், வாசலில் நின்று கேட்பார்: "குடை எங்கடா டின்னி? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

டின்னி சிரிப்பார். எல்லோருக்கும் கடைசியாக, மெதுவாக, மீட்டர் படிக்கிறவரின் சிரிப்பு. தொண்ணூற்று மூன்றில் சட்டம் மாறியபோது மொஸ்ஸி நடுத்தெருவில் நின்று பாடினார். டின்னி உள்ளே போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நாடே ஓட்டுப் போட்ட வருடம், மொஸ்ஸி டீ ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"கட்டிக்கலாமா?"

"அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?"

அக்கம்பக்கத்தில், அதாவது பக்கத்து வீட்டில், மிஸஸ் ஹார்னெட் தன் ஜன்னலில் 'ஆம்' என்று ஆளுயரச் சுவரொட்டி ஒட்டியிருந்தார். மொஸ்ஸி ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். டின்னியைப் பார்த்தார். டீயில் சர்க்கரை போட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நாற்பதாம் ஆண்டு நினைவு விழா, தொற்றுக்காலத்தின் புண்ணியத்தில், நாற்பத்தொன்றாம் ஆண்டில் நடந்தது. நடத்தியவர்கள் எல்லோரும் அந்த மழைக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களில் ஸைவ் என்ற பெண் ஒரு டி-ஷர்ட் வரைந்தாள். அன்றைக்குப் பதாகை தைத்தது மொஸ்ஸி வீட்டுச் சிவப்புத் திரைச்சீலையில் என்பதால் சட்டையும் சிவப்பு. மார்பில் வெள்ளைக் கோட்டில் தோளோடு தோள் நிற்கும் ஏழு உருவங்கள். கீழே 'கார்க் 1981'. வேறொன்றும் இல்லை. முன்னால் வார்த்தை அதிகமானால் மலிவாகிவிடும் என்பது அவள் கருத்து. சொல்ல வேண்டியது முதுகில் இருந்தது. அன்றைக்கு மொஸ்ஸி கையால் பலகையில் எழுதிய வாசகம், தோளிலிருந்து இடுப்புவரை, பெரிய எழுத்தில்:

ஆணை விரும்பும் ஆண் குற்றவாளி அல்ல. பெண்ணை விரும்பும் பெண் பைத்தியம் அல்ல.

ஏழு பேரில் அப்போது உயிரோடிருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஆஸ்திரேலியாவில். அஸம்ப்டா என்பவள் முதியோர் இல்லத்தில், தன் பெயரே தெரியாமல். ஆக விழா மேடையில் சட்டையை வாங்கிக்கொண்டவர் மொஸ்ஸி ஒருவர்தான். ஸைவ் மரியாதையாக டின்னியிடமும் கேட்டாள்:

"நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்களா?"

"இருந்தான்மா, ஏன் இல்லாம" என்றார் மொஸ்ஸி. "நனையாத ஆளு யாருன்னு தேடு, கிடைப்பான்."

அடுத்த குளிர்காலத்தில் மொஸ்ஸிக்கு நுரையீரலில் புற்று வந்தது. வசந்தத்தில் எழுந்து உட்கார முடியாமல் போனது. ஒரு பிற்பகல், வெயில் போர்வையில் விழுந்திருந்தபோது, அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து வரச் சொன்னார்.

"இதைப் போட்டுத்தான் உன்னைப் படுக்க வைக்கணுமா?" என்று டின்னி கேட்டார். 

"எனக்கு நீல சூட்டு போதும். பெட்டியை மூடிட்டா எவன் பார்க்கப் போறான்? இது உனக்கு."

"எனக்கு ரொம்பப் பெருசுடா."

"உனக்கு எல்லாமே பெருசுதான். நாப்பது வருஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்." இருமல் நின்றதும் தொடர்ந்தார். "என்னை டிரிமினார்ல புதைக்கணும். அம்மா அப்பா பக்கத்துல. பெக் கிட்ட பேசியாச்சு."

பெக் அவருடைய அக்கா. பாட்டிலைப் போல நிமிர்ந்து நிற்பவள், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் 'மொஸ்ஸிக்கும், கூட இருப்பவருக்கும்' என்று வாழ்த்து அட்டை அனுப்புகிறவள்.

"அந்த ஊரா? அங்க எதுக்கு? அவங்களை விட்டுட்டு ஓடி வந்தவன் நீ."

"அதுக்குத்தான். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறப்ப ஒவ்வொருத்தனும் என்னைத் தாண்டித்தான் போகணும்." மொஸ்ஸியின் கண்ணில் பழைய குறும்பு. "கேளு. நீ இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வரே."

"மேல கோட்டு போட்டுக்கலாம்ல?"

"கோயிலுக்குள்ள போட்டுக்க. பாதிரியார் பாவம், வயசானவர். ஆனா எங்க ஊர்ல குழியை மூடுறது கூலிக்காரன் இல்ல, ஊர்க்காரங்கதான். கோட்டைக் கழட்டி வெச்சுட்டு மண்வெட்டி எடுப்பாங்க. அப்ப நீயும் கழட்டணும். கழட்டிட்டு அவங்களுக்கு முதுகைக் காட்டி நின்னு ஒரே ஒரு மண்வெட்டி மண்ணு போடு. படிக்கத் தெரிஞ்சவன் படிச்சுக்கட்டும். அவ்ளோதான் கேக்கறேன். வாக்கு குடு."

"வாக்கு."

மொஸ்ஸி ரொம்ப நேரம் அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு டின்னிக்குப் பிடிக்கவில்லை.

அவர் இறந்த அன்று காலையிலேயே பெக் தொலைபேசியில் வந்தாள். சாவு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அந்த நாட்டில் பாதிப் பேர் பத்திரிகையில் முதலில் படிப்பது அதைத்தான். யாருக்குப் பிறகு யார் பெயர் வருகிறது என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் சண்டைகளை எல்லாம் வாசித்துவிடுவார்கள்.

"உன்னை என்னன்னு போடட்டும் டின்னி?" என்று பெக் கேட்டாள். குரலில் கேலி இல்லை. "நீ சொல்றபடி போடறேன்."

டின்னி ஜன்னலைப் பார்த்தார். மிஸஸ் ஹார்னெட் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நண்பர்னு போட்டா போதும்."

"அவ்ளோதானா?"

"போதும்."

மறுநாள் பத்திரிகையில் அக்கா, அக்கா பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உறவினர், அண்டை வீட்டார் எல்லோருக்கும் பிறகு, கடைசியில், டின்னியின் முழுப் பெயரில் 'நண்பர் டெனிஸ்' என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு டின்னி சமையலறை மேசையில் உட்கார்ந்து அழுதார். இரக்கமில்லாத குடும்பம் என்று நினைத்துக்கொண்டார். ஸைவ் கூப்பிட்டு, நாங்கள் எல்லோரும் ஒரு பஸ் பிடித்து வருகிறோம் என்றபோது, குடும்பத்தார் கூட்டம் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லி நிறுத்தினார். குடும்பத்தார் அப்படி எதுவும் சொல்லவில்லை.

டிரிமினாரில் அன்றைக்கு, சாவுக்குப் பொருந்தாத வெயில். டின்னி சட்டைக்கு மேல் கறுப்புக் கோட்டை மூன்று பொத்தானும் போட்டு, கழுத்துவரை ஒரு மப்ளரும் சுற்றி வந்திருந்தார். மாதா சிலையைப் பார்த்த பக்கத்து முன்வரிசை குடும்பத்துக்கு. பெக், அவள் பிள்ளைகள். அண்ணன் தம்பி, கணவன் மனைவி என்று ஒவ்வொரு சாவிலும் அந்த வரிசையில் யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதை ஊர் மனப்பாடம் செய்துகொள்ளும். டின்னி தானாகவே பின்னால் போய், ஒரு தூணின் மறைவில் இடம் பிடித்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

பூசை முடிந்ததும் ஊரே வரிசையில் வந்து முன்பெஞ்சுக்காரர்களுக்குக் கைகொடுக்க வேண்டும். 'உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்' என்று ஆளுக்கொரு தடவை. நாற்பது வருடம் ஒரே தலையணையில் தலை வைத்தவரும் அந்த வரிசையில் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு கால்நடை வியாபாரி, பின்னால் மொஸ்ஸியை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒரு தபால்காரி. வரிசை நகர நகர டின்னிக்குள் ஏதோ கொதித்தது. சவப்பெட்டியை ஒட்டி வந்தபோது மப்ளரை உருவினார். பொத்தான்களைக் கழற்றினார். கோட்டின் இரண்டு பக்கமும் விலகி, நடுவே செக்கச் செவேலென்று சட்டை.

"உங்க துக்கத்துக்கு..." என்று பெக்கின் கையைப் பிடித்தார். 

பெக் சட்டையைப் பார்த்தாள்.  பேசியது அவளுக்கு அடுத்து நின்ற டொன்கா க்ரௌலி. ஊர் ஹர்லிங் கிளப்பின் தலைவர், பீப்பாய் உடம்பு, மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கும் தொண்டை.

"அடடா! கார்க் எண்பத்தொண்ணா? ஏழு பேர் ஆட்டமா?"

டின்னி வாயைத் திறந்தார்.

"எனக்குத் தெரியும்!" என்று டொன்கா பெஞ்சைத் தட்டினார். "மொஸ்ஸி கெனலி மாதிரி ஒருத்தன் இருபது வயசுல மட்டையைத் தூக்கிப் போடுவானா? போட மாட்டான்! சிட்டியில போய் ஆடியிருக்கான், கள்ளப்பய, நம்மகிட்ட சொல்லல! பெக் அக்கா, நீங்களாவது சொல்லியிருக்கலாமே!"

டிரிமினார்க்காரர்களுக்கு ஐம்பத்தேழாம் வருட அணியின் மாற்று ஆட்டக்காரர்களைக்கூடப் பெயர் பெயராகத் தெரியும். நகரத்துக் கிளப்புகள் எதிலெதில் என்ன ஜெயித்தன என்பது மட்டும் தெரியாது. தெரிந்துகொள்வதைக் கௌரவக் குறைவாக நினைப்பவர்கள். சிவப்பும் வெள்ளையும் மாவட்ட அணியின் நிறம். மார்பில் வருடம், தோளோடு தோளாக உருவங்கள். ஒரு சட்டையில் இதெல்லாம் இருந்தால் அது வேறென்னவாக இருக்க முடியும்? அந்த ஊரில் மனிதர்கள் வேறெதற்காகவும் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை.

"பெரியவரே, நீங்களும் அந்த டீம்ல இருந்தீங்களா?" டொன்காவின் கண் கலங்கியிருந்தது. "வாங்க, இப்படி வாங்க. பின்னாடி நின்னீங்களே, எங்க மானமே போச்சு! தள்ளி உட்காருங்கப்பா, கூட ஆடினவருக்கு இடம் விடுங்க!"

குடும்பம் தள்ளி உட்கார்ந்தது. பெக்கின் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். காதலுக்கு அந்த முன்பெஞ்சில் இடம் இருந்ததா என்று டின்னி ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை. ஹர்லிங்குக்கு இருந்தது. அவர் பெக்குக்குப் பக்கத்தில், சவப்பெட்டியிலிருந்து கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்தார். வரிசை அவர் முன்னாலும் நகர்ந்தது. முரட்டுக் கைகள், ஈரக் கைகள், ஒவ்வொன்றும் அவர் கையை வாங்கிக்கொண்டன. 'உங்க துக்கத்துக்கு ரொம்ப வருத்தம்.' 'பெரிய இழப்பு உங்களுக்கு.' அந்த வார்த்தைகளை அவரிடம் யாரும் இதுவரை சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, குச்சி ஊன்றி வந்த கிழவர் ஒருவர் அவர் மார்பில் விரலை வைக்கும்வரை.

"இதுல மொஸ்ஸி யாரு?"

"இது. உயரமா இருக்கறது."

"அப்ப நீ?"

ஏழு உருவங்கள். ஏழும் மழையில் நனைந்த ஏழு பேருடையவை. டொன்கா எட்டிப் பார்த்தார். பின்னால் நாலைந்து தலைகள் நீண்டன. நான் அதில் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எழுந்து தூணுக்குப் பின்னால் போக வேண்டியிருக்கும் என்று டின்னிக்குத் தோன்றியது. மொஸ்ஸியின் தோளை ஒட்டி நின்ற சின்ன உருவத்தை அவர் விரல் தொட்டது.

"இது."

அது அஸம்ப்டா. மீன் குடல் விழுந்தது அவள் தலையில்தான்.

"பொடியனா இருந்திருக்கே" என்றார் கிழவர். "ஓரத்துல ஆடினியா?"

"ஓரத்துலதான்" என்றார் டின்னி.

பெட்டியை ஆறு பேர் தோளில் தூக்கிக் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார்கள். டின்னியின் தோளும் அதில் ஒன்று, டொன்கா விடவில்லை. ஜெபம் முடிந்தது, பெட்டி இறங்கியது. பாதிரியார் புத்தகத்தை மூடியதும், சொல்லி வைத்தாற்போல ஆண்கள் கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்லறைச் சிலுவைகளில் மாட்டினார்கள். மண்வெட்டிகள் வேலியோரம் தயாராகச் சாத்தியிருந்தன.

"முதல் மண்ணு பெரியவர்தான் போடணும்" என்று டொன்கா ஒரு மண்வெட்டியை எடுத்து நீட்டினார். "கோட்டைக் கழட்டுங்க, நான் வெச்சுக்கறேன்."

டின்னி மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். கோட்டின் பொத்தான்களைத் தொட்டார். கோயிலைவிட்டு வெளியே வரும்போது அவற்றை மறுபடி போட்டிருந்தார், எப்போது என்று அவருக்கே நினைவில்லை. ஊர் அவருக்குப் பின்னால் அரைவட்டமாக நின்றது. எல்லோருக்கும் மூக்குக்கண்ணாடி இருந்தது, எல்லோருக்கும் படிக்கத் தெரியும்.

பெக் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். குழியைப் பார்த்தபடியே, உதடு அதிகம் அசையாமல் பேசினாள்.

"கழட்டு டின்னி."

"அக்கா..."

"முதுகுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். போன் பண்றப்பல்லாம் அவன் அதைத்தான் படிச்சுக் காட்டுவான். ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிடுவானே, நீ பூசைக்குப் போன நேரம் பார்த்து."

டின்னிக்கு அது தெரியாது.

"இங்க யாருக்குத் தெரியாதுன்னு நினைக்கிறே? அவன் படம் பேப்பர்ல வந்த அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சு போச்சு, தெரியாதவங்க அந்தக் கிழவனும் இந்த டொன்காவும்தான். கிழவனுக்கு அப்பவே பேப்பர் படிக்கக் கண்ணு தெரியாது, டொன்கா அப்ப பால்குடி. நீ கழட்டினா நான் கைதட்டணும்னு சொல்லிட்டுப் போயிருக்கான். இதோ, என் கை சும்மாத்தான் இருக்கு. கழட்டு."

அவள் கைப்பையைக்கூட மகளிடம் கொடுத்துவிட்டிருந்தாள். இரண்டு கைகளும் வெறுமையாக, முன்னால் கோத்தபடி, காத்திருந்தன.

டின்னி திரும்பிப் பார்த்தார். பயம் இல்லை, அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை என்று இப்போதுதான் சொல்லிவிட்டாளே. ஆனால் கழற்றினால் அது ஆட்டமல்ல என்று தெரிந்துவிடும், 'அப்ப அந்தப் போராட்டத்துல இவரு எந்த உருவம்?' என்றுதான் முதல் கேள்வி வரும். அங்கே டொன்கா நின்றார், கையை நீட்டி, ஒரு நல்ல ஆட்டக்காரனின் கோட்டை வாங்கிக்கொள்ள. அவர் முகத்தில் மரியாதை வழிந்தது. அப்படி ஒரு பார்வையை டின்னி வாழ்நாளில் யாரிடமும் வாங்கியதில்லை. மொஸ்ஸியிடம் நிச்சயமாக இல்லை.

"முதுகு வலி" என்றார் டின்னி. "குளிர் ஏறிடும். கோட்டோடவே போடறேன்."

"இந்த வெயில்லயா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"பழைய ஆட்டக்காரனுக்கு இடுப்புதான் முதல்ல போகும்" என்று டொன்கா அவருக்காக வாதாடினார்.

டின்னி மண்ணை அள்ளிப் போட்டார். மொஸ்ஸி ஒரே ஒரு மண்வெட்டி கேட்டதற்கு, நிறுத்தாமல் அள்ளிப் போட்டார். வேர்வை கோட்டைத் தாண்டி ஊறியது. போதும் பெரியவரே, போதும் என்று மண்வெட்டியைப் பிடுங்க வேண்டியிருந்தது. பெக் அசையாமல் நின்றிருந்தாள். கடைசியில் மகளிடமிருந்து கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

"கழட்ட மாட்டான்னு மொஸ்ஸி சரியாத்தான் சொன்னான்" என்றாள், பொதுவாக.

ஓட்டலில் சூப்பும் ஹாம் சாண்ட்விச்சும். டொன்கா இரண்டாவது கோப்பை முடிந்ததும் டின்னியைத் தனியாக வெளி நடைவழிக்கு அழைத்துப் போனார்.

"ஒரு உதவி கேக்கணும். அந்தச் சட்டையைக் கிளப்புக்குக் குடுங்களேன். கண்ணாடி போட்டு மாட்டி வைக்கறோம். எங்க பய ஒருத்தன் சிட்டியில ஆடினதுக்கு எங்ககிட்ட வேற எதுவுமே இல்ல."

மறுக்க நூறு காரணங்கள் இருந்தன. டின்னி கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். சட்டையைக் கழற்றி, மார்பு மேலே தெரியும்படி, ஓரம் ஓரமாகப் பிடித்து மடித்தார். வெற்றுடம்பின் மேல் கோட்டை மாட்டி, பொத்தான்களைப் போட்டு, மப்ளரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். டொன்கா சட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். அளவு பார்க்கத்தான் விரித்தார். விரித்தபோது முதுகு அவர் பக்கம் வந்தது.

அவர் மெதுவாகப் படிக்கிறவர். முதல் வரியைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். சாப்பாட்டு அறையிலிருந்து கரண்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. டொன்காவின் கழுத்து சட்டையின் நிறத்துக்கு வந்து, மெல்ல மறுபடி பழைய நிறத்துக்கு இறங்கியது. டின்னியை ஒருமுறை பார்த்தார். அவர் கோட்டின் கழுத்தில் தெரிந்த நரைத்த மார்பு முடியைப் பார்த்தார். டின்னி அந்தப் பார்வையில் அடி விழும் என்று காத்திருந்தார். விழுந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நல்ல துணி" என்றார் டொன்கா. சட்டையை மடித்தார், டின்னி மடித்த அதே மடிப்பில். குரல் மிக மிருதுவாக இருந்தது, நோயாளியிடம் பேசுவது மாதிரி. "கவலைப்படாதீங்க. ஃபிரேமுக்குப் பின்னாடி பலகை வெச்சு ஆணி அடிச்சுடுவாங்க."

"ரொம்ப நன்றி" என்றார் டின்னி. மனதார, நன்றியோடுதான் சொன்னார்.

அடுத்த மே மாதம் ஆண்டுப் பூசைக்கு அவரை அழைத்திருந்தார்கள். முன்பெஞ்சில் இடம் வைத்திருந்தார்கள். பெக் ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள். பூசைக்குப் பிறகு டொன்கா அவரைக் கிளப்புக்கு அழைத்துப்போய்க் காட்டினார். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் கோப்பைக்கும் தீயணைப்புக் கருவிக்கும் நடுவே, கண்ணாடிக்குள், ஏழு பேர். கீழே தட்டச்சு செய்த ஒரு சின்ன அட்டை: 'மொஸ்ஸி கெனலி (இடமிருந்து மூன்றாவது), டெனிஸ் லூசி (நான்காவது). கார்க், 1981.'

"பார்த்துச் சொல்லுங்க" என்றார் டொன்கா, அவர் முகத்தைப் பார்க்காமல். "தப்பு எதுவும் இருந்தா மாத்திடலாம்."

டின்னி மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, அட்டையை முழுக்கப் படித்தார். இரண்டு தடவை.

"வருஷம் சரிதான்" என்றார்.

டீ ஆறுகிறது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.